மேஜர் வீட்டுப் பச்சை ஃபியட்

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஒரு பெட்டிக்குக் கடைசியாகக் கிடைப்பது பெயிண்ட். ஓடிக் களைத்து உள்ளே வரும் பெட்டியை முதலில் தூக்கி நிறுத்திச் சக்கரங்களைக் கழற்றுவார்கள். பிரேக், ஸ்பிரிங், இருக்கை, ஜன்னல், மின்விசிறி என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பகுதிக்குப் போய்ச் சரியாகித் திரும்பும். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் பெட்டி பெயிண்ட் ஷாப்புக்குள் நுழையும். பூச்சு காய்ந்ததும், ஓரத்தில், எழுத்து வெட்டிய தகட்டு அச்சை வைத்து வெள்ளை எழுத்தில் தேதி போடுவார்கள். இருபத்தெட்டு வருஷமாக அந்தத் தேதியைப் போடுகிற கை சவரிமுத்துவின் கை.

ஆகவே அவர் அகராதியில் புதுப் பெயிண்ட் என்றால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். அவருக்கு மட்டுமல்ல, ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுவதற்குமே அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை மொடமொடவென்று சட்டை போட்டுக்கொண்டு வந்தபோது, “பெயிண்ட் நல்லா இருக்கு. ஓவர்ஹால் ஆன பையன்தான், பயப்படாம முடிங்க” என்று சொன்னவர் அவர்.

அவர் மகள் லூர்துமேரி வேறு வார்ப்பு. பூட்டிய வீட்டைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். இழுத்துப் பார்த்தது நினைவிருக்கிறதா என்று பாதி வழியில் யோசிப்பாள். எலெக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் தற்காலிக வேலை. சர்க்யூட் பலகைகளில் பற்றவைத்த இடங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சரி என்று அனுப்புவது. அங்கே அவளைவிட மெதுவானவர் கிடையாது. அவள் சரி என்று அனுப்பியது எதுவும் திரும்பி வந்ததும் கிடையாது. இரண்டாவது விஷயத்தை அவள் என்றைக்கும் நினைத்துக்கொள்வதில்லை. முதலாவதைத்தான் ராத்திரி படுக்கும்போது நினைத்துக்கொள்வாள்.

சாயங்காலங்களில் மெட்டுகுடாவில் மோட்டார் மெக்கானிக் வகுப்புக்குப் போனாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முதல் வாரம் பையன்கள் சிரித்தார்கள். இரண்டாம் மாதம் அவள் கார்புரேட்டரைப் பிரித்து, ஒரு திருகுகூட மிஞ்சாமல் திரும்பப் பூட்டிய பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்கள். கார் ஓட்டும் லைசென்ஸும் வாங்கிவிட்டாள்.

சொந்தத் தொழில் யோசனை, ஃபாக்டரிக்கு அருகில் ஏ.எஸ். ராவ் நகரில் பிறந்தது. அங்கே என்ஜினியர்களின் வீடுகளில் கார் இருக்கும். என்ஜினியர் காலையில் ஃபாக்டரி பஸ்ஸில் போய்விடுவார். கார் ஞாயிற்றுக்கிழமை வரை துணி போர்த்திக்கொண்டு நிற்கும். வீட்டுக்காரிகள் அதைச் சுற்றிக் கோலம் போடுவார்கள். புருஷனிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் பாதியில் அழுதுகொண்டே இறங்கியிருந்தார்கள். பெண்களுக்குப் பெண்ணே ஓட்டக் கற்றுக்கொடுத்தால் என்ன? மார்ச் மாதத்தோடு ஃபாக்டரி வேலை முடிகிறது. அதற்கு முன்னால் ஒரு பழைய ஃபியட் கிடைத்தால் போதும்.

“பி.எஃப். லோன் ஒரு தடவைதான் பாப்பா எடுக்க முடியும்” என்றார் சவரிமுத்து. “ஒரு வண்டி. சரியான வண்டியா பாத்து எடுத்துடணும். அப்புறம் அது கெட்டுப் போச்சு, இது கெட்டுப் போச்சுன்னு எங்கிட்ட வரக் கூடாது.”

ராத்திரி படுக்கும்போது நினைத்துக்கொள்ள அவளுக்கு அந்த ‘ஒரு வண்டி’யும் சேர்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பாவும் மகளும் பஸ் ஏறி, ராணுவ அதிகாரிகள் குடியிருக்கும் சைனிக்புரிக்குப் போனார்கள். ஓய்வு பெற்ற மேஜர் வெங்கடகிருஷ்ணன் வீட்டில் ஒரு ஃபியட் விற்பனைக்கு இருப்பதாகத் தகவல். அமைதியான தெரு. வாசலில் வெட்டிச் சீராக்கிய செடிகள். மேஜரின் மனைவி கல்பகம் ரப்பர் குழாயால் குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

மேஜர் ஷெட்டின் கதவைத் திறந்தார்.

பாசிப் பச்சை. புத்தம் புதுப் பூச்சு. திறந்த கதவு வழியே வானம் வண்டியின் கூரையில் பிரதிபலித்தது. சவரிமுத்து செருப்பைக் கழற்றாத குறையாக உள்ளே போனார். விரலை வைக்காமல், உள்ளங்கையைப் பட்டும் படாமலும் ஓட்டினார்.

“என்னா பளபளப்பு! பெட்டி ஷாப்பை விட்டு வெளிய வந்த மாதிரி நிக்குது பாரு பாப்பா.”

“போன மாசம்தான் அடிச்சது” என்றார் மேஜர். “ஆர்மியிலே எங்களுக்கு அழுக்கு வண்டியே ஆகாது.”

“அதான் சார். கவனிக்கிற மனுஷன் வண்டி தனியாத் தெரியும்.”

அப்பா அந்த நிமிஷமே வாங்கிவிட்டார் என்று லூர்துமேரிக்குத் தெரிந்தது. அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். வகுப்பில் படித்ததை விரல் கணுக்களில் வைத்திருந்தாள். முதலில் ஆறிய என்ஜின், பிறகு சூடான என்ஜின். முதலில் நிற்கும் வண்டி, பிறகு ஓடும் வண்டி.

பானெட்டின் மேல் புறங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. வாங்குகிறவர்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் காலையில் முரண்டு பிடிக்கும் என்ஜின் கூட உடனே எழுந்துவிடும். இவர் அப்படிச் செய்யவில்லை. நேர்மையான மனிதர். சாவியைத் திருப்பினாள். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தாள். அளவு சரி. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்து விட்டாள். பின்னால் நீலப் புகை வரவில்லை. கிளட்ச் நழுவவில்லை.

“பாஸா?” என்றார் அப்பா, ஒவ்வொன்றுக்கும்.

“இதுவரைக்கும் பாஸ்ப்பா.”

“இன்னும் என்னம்மா இருக்கு?” மேஜர் சிரித்தார். “ஆபீஸர் செலக்‌ஷனுக்குக் கூட எனக்கு இவ்வளவு பரீட்சை வைக்கலே.”

வலப்பக்கக் கதவைச் சாத்தினாள். ‘டப்’ என்று உட்கார்ந்தது. இடப்பக்கக் கதவைச் சாத்தினாள். ‘டப்’புக்குப் பின்னால் சிறிதாக ஒரு ‘டக்’ கேட்டது. திறந்து மறுபடி சாத்தினாள். வலதுக்கு வந்தாள், இடதுக்குப் போனாள்.

“கதவை எதுக்குப் படுத்துற? கழண்டு கையோட வந்துடப் போகுது.”

“சத்தம் வேற மாதிரி இருக்குப்பா.”

“ரெண்டு பக்கமும் ஒரே சத்தம் வர்றதுக்கு அது என்ன மிருதங்கமா?”

அவளுக்கே சிரிப்பு வந்தது. அப்படியும் இருக்கலாம். தன் காதில்தான் கோளாறோ என்னவோ. குனிந்து முன் டயர்களைத் தடவினாள். வலது டயர் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. இடது டயரின் உள்விளிம்பு மட்டும் மொழுமொழுவென்று வழுக்கை. இதற்கும் வேறு காரணங்கள் இருக்கலாம். காற்று குறைவு, அலைன்மென்ட். சின்ன விஷயம். ஆனால் இரண்டு சின்ன விஷயங்களும் ஒரே பக்கத்தில்.

வண்டியைத் தெருவில் எடுத்தாள். மேஜர் பக்கத்தில், அப்பா பின்னால் மகாராஜா போல. நேரான இடத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களைத் தளர்த்தினாள். வண்டி மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது.

“ரோடு அந்தப் பக்கம் சாய்வும்மா” என்றார் மேஜர். “மழைத் தண்ணி ஓடறதுக்கு அப்படித்தான் போடுவா.”

உண்மைதான். நடுவில் மேடாக, இரண்டு பக்கமும் சரிவாகத்தான் ரோடு. அவள் சமாதானமானாள். பிறகு சமாதானம் போய்விட்டது. முன்னும் பின்னும் பார்த்தாள். ஆளரவமே இல்லை. வண்டியை ரோட்டின் வலப்பக்கத்துக்குக் கொண்டுபோனாள். இங்கே சரிவு வலப்பக்கம். அப்படியானால் வண்டி வலப்பக்கம்தான் போக வேண்டும். விரல்களைத் தளர்த்தினாள். ஃபியட் மேட்டை நோக்கி இடப்பக்கமாகவே இழுத்தது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். அப்பா இறங்கி வேட்டியை உதறிக்கொண்டார்.

“சார், நமக்குப் பிடிச்சிருக்கு. நாளைக்கே லோனுக்கு எழுதிக் கொடுத்துடறேன். என்ன பாப்பா?”

மேஜர் கை நீட்டினார். சவரிமுத்துவும் கை நீட்டினார். நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது.

இப்போது பேசாவிட்டால் இந்த வண்டிதான் அவள் பள்ளிக்கூடம். பேசி, அது தப்பாக இருந்தால், ஒரு மேஜரின் வாசலில் அப்பாவுக்குத் தலைகுனிவு. பேசி, அது சரியாக இருந்தாலும் அப்பாவுக்குத் தலைகுனிவுதான். பெயிண்ட்டைப் பார்த்துச் சரி என்றவர் அவர்.

“அப்பா, ஒரு நிமிஷம்” என்றாள். “இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துடறேன். மாமி, அந்தக் குழாயைக் கொஞ்சம் ரோட்டுல விடறீங்களா?”

கல்பகம் ஏன் என்று கேட்கவில்லை. குழாயை இழுத்துவந்து ரோட்டுக்குக் குறுக்கே தண்ணீரைப் பாய்ச்சினாள். தார் கறுத்து மினுங்கியது.

“சார், நீங்களே ஓட்டுங்க. ஈரத்துல இறங்கி நேரா, திருப்பாம, மெதுவாப் போங்க. போதும்.”

“என்னம்மா இது, கோர்ட் மார்ஷலா?” என்று மேஜர் முகம் சுருங்கினாலும் ஏறி உட்கார்ந்தார். வண்டி ஈரத்தைக் கடந்து காய்ந்த தாரில் உருண்டது.

லூர்துமேரி மண்டியிட்டாள். வளையாத வண்டியில் முன்சக்கரத்தின் ஈரத் தடமும் பின்சக்கரத்தின் தடமும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். கொஞ்சம் விலகினாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு உள்ளே விலக வேண்டும். இங்கே வலப்பக்கத்தில் பின்தடம் உள்ளே இருந்தது. இடப்பக்கத்தில் பின்தடம் இரண்டு விரல் அகலம் வெளியே இருந்தது. வண்டி நண்டு மாதிரி ஒருச்சாய்த்து நடந்து போயிருந்தது.

“சார், இன்னொரு தடவை” என்றாள்.

மறுபடியும் அதே நான்கு கோடுகள்.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த வண்டி முன்னாடி எங்கேயோ மோதியிருக்கு. இடது பக்கம். அடிச்சட்டமே லேசா வளைஞ்சிருக்கு.”

சவரிமுத்துவின் முகம் சிவந்தது. “வாயை மூடு மேரி! என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசுறியா? மோதின வண்டி மாதிரியா இருக்கு இது? பெயிண்ட்டைப் பாத்தியா?”

“பெயிண்ட்டைத்தாம்ப்பா நீங்க பாக்கணும்.” அவள் நிறுத்தவில்லை. “எனக்கு என்ஜின் கொஞ்சம் தெரியும். பெயிண்ட் தெரியாது. உங்களைவிடத் தெரிஞ்சவங்க இந்த ஊர்லயே இல்லை. கூரையை விட்டுட்டு இடது முன்பக்கம் மட்டும் குனிஞ்சு பாருங்க. நல்லா இருக்குன்னு நீங்க சொன்னா, நாளைக்கே லோனுக்கு எழுதிடலாம்.”

அவர் மகளை முறைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். வாங்க வந்தவர் மறைந்து, பெயிண்ட் ஷாப் சவரிமுத்து குந்தியது போல இருந்தது. எட்டி, முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டையைக் கட்டை விரலால் ஒதுக்கினார். விளக்கு வளையத்தின் அடியில் நகத்தை விட்டார். கதவின் உள்மடிப்பைத் தடவினார்.

“அடப் பாவி” என்றார் மெதுவாக.

“என்னப்பா?”

“ரப்பரைக் கழட்டலை.” குரல் உயர்ந்தது. “ரப்பரைக் கழட்டாமயே அடிச்சிருக்கான்! இதோ பாரு, ரப்பர் மேலயே பச்சை. விளக்கைக் கழட்டலை. உள்மடிப்புல பழைய வெள்ளை அப்படியே கிடக்கு. எவன் சார் அடிச்சான் இதை? கையில பிரஷ் புடிச்சவனா, துடைப்பம் புடிச்சவனா?”

விரல் முட்டியால் கூரையைத் தட்டினார். ‘டங்’ என்றது. கதவைத் தட்டினார். ‘டங்’. இடது மட்கார்டைத் தட்டினார். ‘தொக்’. இன்னும் கொஞ்சம் தள்ளி, ‘தொக்’.

“பட்டி. பள்ளம் தெரியாம இருக்க விரல்கடைக்குப் பட்டி அப்பியிருக்கான். உள்ளே தகடு எங்க இருக்குன்னே தெரியலை.” அவர் எழுந்தார். ‘பிடிச்சிருக்கு’ என்றதும் கை நீட்டியதும் அவருக்கு மறந்தே போயிருந்தன. “எங்க ஷாப்புல இப்படி ஒருத்தன் அடிச்சான்னா பெட்டியை வெளிய விடமாட்டோம் சார். அவனைத்தான் வெளிய விடுவோம்!”

மேஜர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். “எப்போவோ லேசா...” என்று ஆரம்பித்தார்.

“லேசா ஒண்ணும் இல்லை.” குழாயை மூடிவிட்டு வந்த கல்பகம் சொன்னாள். “தெருக்கோடியில சின்னப் பாலம் இருக்கே, அந்தச் சுவர்ல மோதினேன். நான்தான்.”

“கல்பகம், போதும்.”

“ஏன் போதும்? ஓட்டச் சொல்லித்தரேன்னு உட்கார வெச்சேள். பரேட் கிரவுண்டுல கத்தற மாதிரி காதுல கத்தினேள். எந்தக் கால்ல எதை மிதிக்கறோம்னே தெரியாம மிதிச்சேன்.”

“தெருவே உன்னைப் பார்த்துச் சிரிக்கும்னுதான் வெளியிலே சொல்லலை” என்றார் மேஜர், தாழ்ந்த குரலில்.

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறா. வண்டியை வித்துட்டா நான் மோதினது இல்லேன்னு ஆயிடுமா?” லூர்துமேரியிடம் திரும்பினாள். “ஏம்மா, யாரோ மெக்கானிக்கை அழைச்சுண்டு வருவான்னு நெனச்சேன். நீ எதுக்கு வண்டி வாங்கறே?”

“லேடீஸுக்கு ஓட்டக் கத்துக்கொடுக்க, மாமி.”

கல்பகம் கணவரைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

“கத்துவியா?”

“கத்த வராது மாமி.”

“அப்போ நான்தான் முதல் ஆள். மறந்துடாதே.”

மேஜர் கடைசியில் சவரிமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “சொல்லாதது தப்புதான்” என்றார். “உங்க பொண்ணு என் சப்ளை டிப்போவிலே இருந்திருந்தா, ஒரு சொத்தை மூட்டைகூட உள்ளே வந்திருக்காது.”

திரும்பும் பஸ்ஸில் லூர்துமேரி ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்தாள். அப்பா மகளை விட்டுவிட்டுக் கண்டக்டரிடம் அரைத் தெலுங்கும் அரை உருதுவுமாகச் சொல்லத் தொடங்கினார். ரோட்டில் தண்ணீர் ஊற்றியது, நான்கு கோடு, நண்டு நடை. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முன் சீட்டில் இருந்தவர் தன் பழைய ஸ்கூட்டருக்கு இந்தத் தண்ணீர் வைத்தியம் பலிக்குமா என்று விசாரித்தார். “நக்கோ, நக்கோ, என்னைக் கேக்காதீங்க, அவளைக் கேளுங்க. அவதான் இன்ஸ்பெக்டர்” என்றார் சவரிமுத்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி.

லூர்துமேரிக்குக் காது சூடாகியது. மேஜர் வண்டியின் ஹேண்ட்பிரேக்கைப் பார்த்தோமா என்ற யோசனையும் அந்தச் சூட்டோடு வந்தது.

அடுத்த மாதமே ஏ.எஸ். ராவ் நகரில் வேறு ஒரு ஃபியட் கிடைத்தது. ஃபாக்டரியில் வேலை பார்த்தவர் மாற்றலாகிப் போகையில் விற்றது. வெயிலில் வெளுத்து, சாம்பலா நீலமா என்று சொல்ல முடியாத நிறம். சவரிமுத்து முதலில் ரப்பரை ஒதுக்கிப் பார்த்தார். உள்ளேயும் அதே வெளுப்பு. “ஒர்க்‌ஷாப்புக்கு வர்ற பெட்டி மாதிரி இருக்கு. மறைக்க ஒண்ணுமில்லை” என்று ஒதுங்கிக்கொண்டார். லூர்துமேரி வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். காய்ந்த தரையில் இரண்டே கோடுகள் விழுந்தன.

லோன் போட்டு வண்டி வீட்டுக்கு வந்தது. ஆனால் பெயிண்ட் அடிக்க சவரிமுத்து சம்மதிக்கவில்லை. பழைய பூச்சைச் சுரண்டிச் செம்மண் நிறத்தில் அடிப்பூச்சு மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். “எல்லாம் பாஸ்னு இன்ஸ்பெக்டர் சொல்லணும். அப்புறம்தான் என் வேலை.” பிரேக் தேறியது. ஸ்டியரிங் தேறியது. கற்றுக்கொடுப்பவர் பக்கத்தில் ஒரு தனிப் பிரேக் மிதியைப் பொருத்தினாள், அதுவும் தேறியது. ஹேண்ட்பிரேக்கில் வந்து நின்றாள். நேற்றுப் பிடித்தது, இன்று பிடிக்கிறதா? குவார்ட்டர்ஸ் சரிவில் நிறுத்தி, இறங்கி, வண்டியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வண்டி செம்மண் நிறத்திலேயே நின்றது.

ஃபாக்டரி வேலை முடிந்த பிறகு ஒருநாள் காலையில் கல்பகம் ஆட்டோ வைத்துக்கொண்டு லாலாகுடாவுக்கே வந்துவிட்டாள்.

“எப்போ ஆரம்பிக்கறோம்?”

“இன்னும் பெயிண்ட் அடிக்கலை மாமி.”

“நான் என்ன பெயிண்ட்டையா ஓட்டப் போறேன்?”

லூர்துமேரி உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்தாள். அன்று தொடங்கித் தினமும் காலையில் செம்மண் நிற ஃபியட் ஒன்று சைனிக்புரித் தெருக்களில் ஊர்ந்தது. நாய்கள் துரத்தின. நடைபயிற்சிக்கு வந்த கர்னல்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். லூர்துமேரி கத்தவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொன்னாள். அது அவளுக்கு இயல்பு. கல்பகத்துக்கும் அது சௌகரியமாக இருந்தது.

சின்னப் பாலத்துப் பக்கம் போகலாம் என்று கல்பகமே சொன்னாள். தெருக்கோடியில் சுவர் தெரிந்ததும் அவள் தோள் இறுகியது. லூர்துமேரி தன் மிதியின் மேல் காலை வைத்தாள், அழுத்தவில்லை. “சுவரைப் பாக்காதீங்க மாமி. போற இடத்தைப் பாருங்க.” கல்பகம் போகிற இடத்தைப் பார்த்தாள். சுவர் இடப்பக்கம் மெதுவாகக் கடந்து போயிற்று. திரும்பி வரும்போது மேஜர் வாசலுக்கு வெளியே விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். வண்டி அவரைக் கடந்தபோது அவர் கை தானாக எழுந்து சல்யூட் அடித்தது. கல்பகம் ஹாரன் அடித்தாள். வீட்டில் நிறுத்தவில்லை. “இன்னொரு ரவுண்டு” என்றாள்.

அன்று பிற்பகல் வண்டி குவார்ட்டர்ஸ் சரிவில் வந்து நின்றது. சவரிமுத்து ஷிப்ட் முடிந்து கைகளை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டு வந்தார்.

“என்ன இன்ஸ்பெக்டர் அம்மா, மேல்பூச்சு போடலாமா, இல்லை இந்த வருஷம் பூரா இதே கோலமா?”

லூர்துமேரி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள். பின்பக்கம் போய்த் தோளைக் கொடுத்து வண்டியை முழு மூச்சாகத் தள்ளினாள். வண்டி அசையவில்லை.

“பாஸ்ப்பா” என்றாள். “எல்லாம் பாஸ்.”

அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். நான்கு நாளில் விளக்கு, ரப்பர், கைப்பிடி எல்லாம் கழற்றி வைத்து, நீலம் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசினார். கடைசியில் பின்கதவின் ஓரமாகத் தகட்டு அச்சை வைத்து வெள்ளை எழுத்தில் தேதி போட்டார். ரயில் பெட்டியில் தேதிக்குப் பக்கத்தில் எந்த ஒர்க்‌ஷாப் என்று சுருக்கெழுத்து இருக்கும். அதற்கு அவர் தனியாக ஒரு தகடு எடுத்துவந்தார். அதில் ‘லூ.மே.’ என்று வெட்டியிருந்தது. விளிம்பில் லேசாகத் துரு ஏறியிருந்தது. சைனிக்புரியிலிருந்து பஸ்ஸில் திரும்பிய மறுநாளே வெட்டி வைத்தது அது.